புதுப் பெற்றோரின் பதற்றமும் வீட்டுப் பெரியவர்களும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காகச் சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



சென்ற முறை இதே கூடத்தில் 15எச் படிவத்தைப் பற்றியும் நாமினி பதிவைப் பற்றியும் பேசினேன். இந்த முறையும் வங்கி விஷயம் ஏதாவது பேசுங்கள் என்றுதான் செயலாளர் சொன்னார். நான்தான் வேறு விஷயம் பேசுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் உண்டு. நம் மூன்று பிளாக்குகளிலும் சேர்த்து இந்த ஒரு வருடத்தில் ஒன்பது வீடுகளில் குழந்தை பிறந்திருக்கிறது. மகள் பிரசவத்துக்கு, மருமகள் பிரசவத்துக்கு என்று ஆறு மாதம் வெளிநாடு போய் வந்தவர்கள் தனிக் கணக்கு. வளைகாப்புக்குப் போனோம், தொட்டில் போட்டதற்குப் போனோம், குழந்தை யார் ஜாடை என்று பேசிவிட்டு வந்தோம். அந்த வீடுகளில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 37 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவள். என் மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு கடுமையான பதற்றம் வந்தது. அதற்காக ஐந்து மாதம் ஒரு உளவியல் நிபுணரிடம் போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் பேரனை மடியில் வைத்துக்கொண்டு வெளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன். மகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவள் அனுமதியோடுதான்.

அவளுக்கு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதியதில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. சின்ன வயதிலேயே 98 மார்க் வாங்கிவிட்டு, போன இரண்டு மார்க்கை நினைத்து அழுகிற பிள்ளை. பேரன் பிறந்தபோது மூன்று கிலோ. மூன்றாம் நாள் எடை பார்த்தால் 2.8 கிலோ. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைவது இயல்புதான், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதேபோல ஏறியும் விட்டது. ஆனால் அன்றைக்கே அவள் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் தொடங்கிவிட்டாள். எத்தனை மணிக்குப் பால், எந்தப் பக்கம் எத்தனை நிமிடம், எத்தனை ஈரத் துணி, அறையின் வெப்பம் எவ்வளவு என்று ஒரு நாளைக்கு முப்பது வரிக்கு மேல் போனது. பால் பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுத்துவிட்டு, மறுபடியும் கொதிக்க வைப்பாள். குழந்தை நன்றாகத் தூங்கும். இவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு என்று எல்லோரும் சொல்வோம். அவளுக்குத் தூங்க நேரம் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை. இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை விழித்திருப்பதால் தாய் தூங்காமல் இருந்தால் அது எல்லா வீட்டிலும் உள்ளது. குழந்தை தூங்கி, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்து, அப்போதும் தாயால் தூங்க முடியவில்லை என்றால் விசாரிக்க வேண்டும்.

பிரசவம் ஆன சில நாட்களில் காரணம் இல்லாமல் அழுகை வருவதும், எரிச்சல் வருவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு நடப்பதுதான். உடம்பில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால், அது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக அளவில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது. வளரும் நாடுகளில் இது 20 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஐந்தில் ஒருவர் என்றால், நம் ஒன்பது வீடுகளில் ஒன்றிரண்டு வீடுகள் என்று ஆகிறது. அப்பாக்களுக்கும் உண்டு. சுமார் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இரவெல்லாம் கண் விழித்துவிட்டுக் காலையில் ஆபீஸ் போய், இ.எம்.ஐ.யை நினைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சிடுசிடுவென்று இருக்கிற மாப்பிள்ளையை "திமிர்" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

"அந்தக் காலத்துல நாங்க நாலு பெத்தோம், எங்களுக்கு இதெல்லாம் வந்துதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது. பெயர்தான் வேறு. "பிள்ளை பெத்த வீட்டுல பயந்துட்டா" என்போம். மந்திரித்து விபூதி போட்டு, தலைமாட்டில் இரும்பு வைப்போம். அப்போது சில வசதிகளும் இருந்தன. தாய் வீட்டில் பாட்டி, அத்தை, சித்தி என்று நாலு பேர் மாற்றி மாற்றிக் குழந்தையைத் தூக்கினார்கள். இன்று இரண்டு பெட்ரூம் பிளாட்டில் புருஷன், பெண்டாட்டி, கையில் செல்போன். செல்போனைத் திறந்தால் நாலு மாதக் குழந்தைக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று நாற்பது வீடியோ. சொல்ல ஆள் அதிகம், தூக்க ஆள் குறைவு.

டேனா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1973-இல் இந்தக் காலத்துக்கென்றே ஒரு சொல்லை உருவாக்கினார். பையன் இளைஞனாவதற்கு ஒரு பருவம் இருப்பதுபோல, ஒரு பெண் தாயாவதற்கும் ஒரு பருவம் இருக்கிறது என்பது அதன் பொருள். நாம் பதினைந்து வயதுப் பிள்ளை எரிந்து விழுந்தால் "அந்த வயசு அப்படி" என்று விடுகிறோம். குழந்தை பெற்றவளிடம் மட்டும் அன்றைக்கே எல்லாம் தெரிந்த தாயாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இனி, எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு வருகிறேன். பெர்ஃபெக்‌ஷனிசம் என்கிறார்கள். எனக்கு இது நன்றாகவே புரிந்த விஷயம். வங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள் நான். லெட்ஜரும் டே புக்கும்தான். சாயந்திரம் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எங்கேயோ 54-ஐ 45 என்று இடம் மாற்றி எழுதியிருப்போம் என்று தேடுவோம். அடுத்தவர் பணம், ஒரு பைசா பிசகக் கூடாது. அந்த வேலைக்கு அந்தக் கண்டிப்பு தேவை. அங்கே வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இருந்தது. பற்றும் வரவும் சமமானால் முடிந்தது. லெட்ஜரை மூடிவிட்டு பஸ் பிடிக்கலாம்.

குழந்தை வளர்ப்பில் அந்த "முடிந்தது" வருவதே இல்லை. இன்று போதுமான அளவு பால் குடித்ததா, சரியாகத் தூங்கியதா, நான் நல்ல தாயா என்ற கேள்விகளுக்குப் பற்று வரவு போட்டு விடை காண முடியாது. வேலையில் டேலி பார்த்தே பழகிய மனசு இங்கேயும் டேலி தேடுகிறது. கிடைக்காததால் மறுபடி மறுபடி கூட்டிப் பார்க்கிறது.

உயர்ந்த தரம் வேண்டும் என்று நினைப்பது வியாதி இல்லை. எங்கே அது சிக்கலாகிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரோஸ் ஷஃப்ரான், ஸாஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மூவர் 2002-இல் ஒரு கட்டுரையில் தெளிவாக விளக்கினார்கள். ஒருவர் தன் மதிப்பையே தான் எட்டும் தரத்தை வைத்து அளக்கத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது. எட்டவில்லை என்றால் "நான் உருப்படாதவள்" என்று தோன்றும். எட்டிவிட்டால் "இது சுலபமாக இருந்திருக்கும், அதனால்தான் முடிந்தது" என்று தரத்தை இன்னும் உயர்த்திக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் நஷ்டக் கணக்குதான்.

அதற்கு முன்பே, 1991-இல், பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் என்ற கனடா நாட்டு உளவியலாளர்கள் இதை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். தன்னிடமே குறையில்லாமையை எதிர்பார்ப்பது ஒன்று. அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது இரண்டாவது. "மற்றவர்கள் என்னிடம் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள்" என்று நம்பிக்கொண்டு வாழ்வது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் படித்தபோது நம் வீடுகள்தான் என் கண்ணில் தெரிந்தன. "ஏம்மா, குழந்தை இளைச்சிருக்கே?" "பால் பத்தலையோ?" "எங்க பேத்தி இந்த மாசத்துலயே குப்புற விழுந்துட்டா." நாம் அன்பாகத்தான் சொல்கிறோம், லிஃப்டில் நிற்கிற இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கேட்டவள் அதை ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சரி, சிகிச்சையில் என்னதான் செய்கிறார்கள்? சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கு எதற்குப் பணம் என்று எங்கள் சொந்தத்திலேயே கேட்டார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்த்தார்கள். ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு எப்படி என்று சோதித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வருவது உண்டு. அதுவே படபடப்பையும் தூக்கமின்மையையும் கொண்டுவரலாம். பிறகு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. இது நோயை முடிவு செய்வதற்கு அல்ல, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்வதற்கு. மூன்று கேள்விகள் காரணமில்லாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதையும், கவலையையும், பயத்தையும் கேட்கின்றன. கடைசிக் கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு ஆம் என்று பதில் வந்தால் மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விடமாட்டார்கள், உடனே கவனிப்பார்கள்.

அதன் பிறகு வாரம் ஒரு முறை சந்திப்பு. பின்னால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆனது. மொத்தம் 14 சந்திப்புகள். இந்த முறைக்கு சி.பி.டி. என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் தொடங்கி வளர்த்தெடுத்தது. நமக்கு வருத்தம் தருவது நடந்த விஷயம் மட்டும் இல்லை, அதைப் பற்றி மனசில் சட்டென்று ஓடும் எண்ணமும்தான், அந்த எண்ணத்தைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்பது அடிப்படை. பெரும்பாலும் 6 முதல் 20 சந்திப்புகளில் முடித்துவிடுவார்கள். வருடக் கணக்கில் இழுக்கும் என்ற பயம் வேண்டாம்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதச் சொன்னார்கள். என்ன நடந்தது, என்ன எண்ணம் வந்தது, பதற்றம் நூற்றுக்கு எத்தனை, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, இரண்டையும் பார்த்த பிறகு என்ன தோன்றுகிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு! அவள் அதுவரை பற்று மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தாள். "நான் பார்க்காவிட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும்" என்ற எண்ணத்துக்கு 90 போட்டிருந்தாள். எதிர்ப் பக்கத்தில், "எடை ஏறியிருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டார், நான் குளிக்கப் போன நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதிய பிறகு 60. எண்ணத்தை விரட்டச் சொல்லவில்லை, "பயப்படாதே" என்று உபதேசமும் செய்யவில்லை. இரண்டு பக்கமும் எழுத வைத்தார்கள்.

அடுத்தது செயல். தேவையான கவனம் எது, பதற்றத்துக்காகச் செய்வது எது என்று முதலில் பிரித்தார்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது, முகத்தருகே தலையணையும் தடித்த போர்வையும் இல்லாமல் பார்ப்பது, பாட்டிலை ஒரு முறை ஒழுங்காகக் கொதிக்க வைப்பது ஆகியவை தேவை. இரண்டாம் முறை கொதிக்க வைப்பதும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மூக்கில் விரல் வைப்பதும் பதற்றத்துக்கான தீனி. அந்தத் தீனியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பத்து நிமிடம் அரை மணி ஆனது, அரை மணி ஒரு மணி ஆனது. எக்செல் ஷீட்டில் முதலில் நிமிடக் கணக்கை எடுத்தார்கள், பிறகு அறை வெப்பத்தை, கடைசியில் ஒரு நாள் முழுக்க ஒன்றுமே எழுதாமல் விடச் சொன்னார்கள். முதல் நாள் அவளுக்குக் கை நடுங்கியது. ஆனால் பதற்றம் ஒரு உச்சிக்குப் போய்விட்டு, ஒன்றும் செய்யாமலேயே இறங்குகிறது என்பதை அவளே பார்த்தாள். பத்துப் பேர் சொல்லியும் நம்பாததை அந்த ஒரு அனுபவத்தில் நம்பினாள். வேண்டுமென்றே ஒரு சின்னக் குறை வைக்கவும் சொன்னார்கள். துவைத்த துணியை ஒரு நாள் மடிக்காமல் விடு, ஒரு காலுக்கு நீலம், ஒரு காலுக்கு மஞ்சள் சாக்ஸ் போட்டு வெளியே தூக்கிக்கொண்டு போ என்று. உலகம் இடிந்து விழவில்லை.

இன்னொன்று, பேசக் கூச்சமான விஷயம், ஆனால் பேசியே ஆக வேண்டும். சில தாய்மார்களுக்கு, அப்பாக்களுக்கும்கூட, திடீரென்று பயங்கரமான எண்ணங்கள் வரும். பால்கனியில் நிற்கும்போது "கை தவறிக் குழந்தையைப் போட்டுவிட்டால்?" என்று. என் மகளுக்கும் வந்தது. பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள், காரணம் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து அந்த அறையில்தான் முதன்முதலாகச் சொன்னாள். உளவியலாளர் பதறவே இல்லை. பெற்றோரில் மிகப் பலருக்கு இப்படி எண்ணங்கள் வருகின்றன, அவை ஆசை இல்லை, அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் இவ்வளவு மிரள்வதே நீங்கள் அதற்கு நேர் எதிர்ப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைக் காட்டுகிறது என்றார். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்த அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்தது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொன்றும் உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், நிலை தடுமாறும். இல்லாத குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் வரும், தூக்கமே தேவையில்லாததுபோல் இருப்பார்கள், பேச்சு தொடர்பில்லாமல் போகும். அது அவசர சிகிச்சை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. சரியான சிகிச்சையில் குணமாகிறது.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். என் மகளுக்குத் தேவைப்படவில்லை. பலருக்குத் தேவைப்படும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. தாய்ப்பால் கொடுக்கும்போதும் பயன்படுத்தக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பது மனநல மருத்துவர் முடிவு. பக்கத்து வீட்டு அபிப்பிராயத்தைக் கேட்டு நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து.

டொனால்ட் வின்னிகாட் என்று ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். குழந்தை மருத்துவர், மன ஆய்வாளர், 1971-இல் காலமானார். 1940-களிலேயே பி.பி.சி. வானொலியில் தாய்மார்களுக்காகப் பேசியவர். "போதுமான அளவு நல்ல தாய்" என்ற கருத்து அவருடையது. ஆரம்பத்தில் தாய் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுதாக ஈடுகொடுக்கிறாள். குழந்தை வளர வளர, அதனால் தாங்க முடிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம், குறை என்று வருகிறது. அந்தச் சின்னச் சின்னக் குறைகளைச் சமாளித்துத்தான் குழந்தை உலகத்தைக் கற்றுக்கொள்கிறது என்றார். அதாவது குறையே இல்லாத தாய் குழந்தைக்குத் தேவையில்லை.

பி.காம். படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆடிட்டர் ஒரு பெரிய கம்பெனியின் கணக்கைக் கடைசிப் பைசா வரை பார்ப்பதில்லை. மொத்தத் தோற்றத்தை மாற்றிவிடுகிற பிழை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். கையெழுத்துப் போடும்போதும் "துளிப் பிழையும் இல்லை" என்று எழுத மாட்டார். "உண்மையான, நியாயமான தோற்றம்" என்றுதான் எழுதுவார். குழந்தை எடை ஏறுகிறது, சிரிக்கிறது, தடுப்பூசி தேதிப்படி போட்டாயிற்று, தூக்கினால் அழுகை நிற்கிறது. உண்மையான, நியாயமான தோற்றம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இப்போது உங்களிடம், அதாவது வீட்டுப் பெரியவர்களிடம், நேரடியாகச் சில வார்த்தைகள்.

உங்கள் மகள் ராத்திரி கேட்கிறாள், "அம்மா, குழந்தை மூச்சு விடுதா பாரு." நீங்கள் பார்த்துவிட்டு "விடுது, தூங்கு" என்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறாள். மறுபடி சொல்கிறீர்கள். எந்த வீட்டிலும் யாரும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் பதற்றத்தின் கணக்கு வேறு. ஒவ்வொரு உறுதிமொழியும் ஐந்து நிமிட நிம்மதி தருகிறது, அடுத்த கேள்வியையும் கொண்டுவருகிறது. கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவதுபோல. அன்றைக்குச் சமாளித்தோம் என்று இருக்கும், வட்டி ஏறிக்கொண்டே போகும். சிகிச்சையில் வீட்டாரையும் கூப்பிட்டு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கோபித்துக்கொள்ளவும் கூடாது, நூறு முறை பதில் சொல்லவும் கூடாது. "உனக்குப் பதற்றமா இருக்கு, தெரியுது. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்" என்றால் போதும். ஆனால் இதை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். சிகிச்சை தருபவர் சொன்ன பிறகு, மகளோடு பேசி ஒப்புக்கொண்டு செய்யுங்கள்.

ஒப்பிடாதீர்கள். எடையைப் பற்றிப் பேசுகிற உரிமையைக் குழந்தை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ராத்திரியில் ஒரு பொழுதைக் குழந்தையோடு நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவளுக்குத் தொடர்ச்சியாக நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும்படி பாருங்கள். எந்த லேகியத்தையும்விட அது வேலை செய்யும். மாப்பிள்ளையிடம், மகனிடம், "நீ எப்படி இருக்கே?" என்று ஒரு தடவை தனியாகக் கேளுங்கள். டாக்டரிடம் போக வேண்டும் என்று அவர்கள் சொன்னால், "சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?" என்று குறுக்கே நிற்காதீர்கள். காய்ச்சலுக்குப் போவதற்கு யார் சம்பந்தியிடம் அனுமதி கேட்கிறார்கள்?

எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து மேல்படிப்பு முடித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், நான் சொன்ன பேச்சு சிகிச்சையை முறையாகப் பயின்றவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், தவறில்லை. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், எத்தனை சந்திப்பு ஆகலாம் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் பார்க்கிறார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே படுக்கை தரும் தனிப் பிரிவு பெங்களூர் நிம்ஹான்ஸில் இருக்கிறது. தாயைச் சேர்க்க வேண்டுமென்றால் குழந்தையைப் பிரிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கிக்காரி என்பதால் ஒரு வார்த்தை இன்ஷூரன்ஸ் பற்றி. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் தரும், வெளிநோயாளியாகப் போகும் கவுன்சலிங் அதில் அடங்காது. உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். அதே சட்டம், சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையையும் தருகிறது. ஆபீஸுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து போகாமல் இருக்க வேண்டாம்.

என் மகளுக்கு எல்லாம் மாயமாய் மறைந்துவிடவில்லை. ஆறு மாத விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் பழையபடி தலை தூக்கியது. இப்போதும் பையனுக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் கொஞ்சம் அதிகமாகவே வெளியே வரும். ஆனால் இந்த முறை அது என்னவென்று அவளுக்குத் தெரிகிறது, அந்த நோட்டை எடுத்து இரண்டு பக்கமும் எழுதுகிறாள். ராத்திரி தூங்குகிறாள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஒவ்வொரு பிளாக்கிலும் லிஃப்ட் பக்கத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆம்புலன்ஸ் எண்கள் ஒட்டியிருக்கிறோம். அதே தாளில் 14416-ஐயும் சேர்க்க வேண்டும். மின்சாரம் போனால் கூப்பிட ஒரு எண் இருப்பதுபோல, தூக்கம் போனாலும் கூப்பிட ஒரு எண் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்காவது அது பயன்படும். யாருக்கு என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

தங்கள் வீட்டு விஷயமாக என்னிடம் தனியாகப் பேச விரும்புபவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். என்னிடம் சொல்வது என்னோடு இருக்கும், 37 வருடம் அடுத்தவர் கணக்கைப் பார்த்த வாய் இது.